கடைசி வரிசையில் ஒரு வெள்ளைச் சட்டை

எழுபத்தொரு வயதில் நான் ரோட்டோஸ்கோப்பிங் கற்றுக்கொண்டேன். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருக்கு அது எதற்கு என்று மனைவி கேட்டாள். வீடியோவில் இருக்கும் ஆட்களை விளிம்பு பார்த்து வெட்டியெடுத்து, பின்னால் இருப்பதைத் தூக்கிவிட்டு, வேறு எங்காவது நிறுத்தலாம் என்றேன்.

"முதல்ல நீங்க எங்கயாவது போய் நில்லுங்க, நான் வீடு பெருக்கணும்" என்றாள்.

ஆம்பூரில் எங்கள் சபையின் பாடகர் குழுவைச் சுவிட்சர்லாந்தில் நிறுத்துவதென்று முடிவு செய்தேன். இங்கே டிசம்பரிலும் மின்விசிறி ஓடும். ஆனாலும் கிறிஸ்துமஸ் என்றால் எங்களுக்குப் பனி விழுந்தாக வேண்டும். பெத்லகேமில் விழுந்ததா என்று யாரும் கேட்டதில்லை.

பாட வேண்டிய நான் படம் பிடித்ததற்குக் காரணம் உண்டு. கிறிஸ்துமஸுக்குக் குழு பாடும் பாட்டின் நடுவே ஒருவர் தனியாகப் பாடும் இரண்டு வரிகள் இருபது வருடமாக என்னுடையவை. அந்த ஆண்டு, குழுவை நடத்தும் அம்மா அவற்றைக் கடைசி வரிசைக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். என் குரல் உடைந்துவிட்டதாம். உடைந்திருந்தது உண்மைதான். தொண்டை வலி என்று பொய் சொல்லிக் கேமராவோடு ஒதுங்கிக்கொண்டேன்.

அந்தக் கடைசி வரிசைக்காரர் தோல் தொழிற்சாலையில், தோல்களைச் சுழற்றி ஊறவைக்கும் டிரம்மை ஓட்டுகிறவர். தோல் பதனிடுகிறவர்கள் எங்கள் சபையில் கடைசி வரிசையில், ஜன்னலோரம்தான் நிற்பார்கள். அப்படி யாரும் தீர்மானம் போடவில்லை. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வாடைக்காக அவர்களே போய் நின்றார்கள். முன்னால் வரச்சொல்லி நாங்களும் கூப்பிட்டதில்லை.

தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெட்ட உட்காருவேன். ஓர் ஆள்மேல் பச்சைக் கோடு இழுத்தால் கணினி அவரை அடையாளம் கண்டுகொள்ளும். கண்டுகொண்ட லட்சணத்தைப் பிறகு நாம் திருத்த வேண்டும், நொடிக்கு இருபத்தைந்து படம் வீதம். முன்வரிசைப் பெண்களின் மல்லிகைப்பூவை அது தின்றது. ஒரு பெரியவரின் இடது காதை அது கடைசிவரை ஒப்புக்கொள்ளவே இல்லை. கடைசி வரிசைக்காரரின் வெள்ளைச் சட்டை வெள்ளைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, விளிம்பு நாய் கடித்த தோசை மாதிரி வந்தது.

இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். மூன்றாம் நாள் அழிக்கும் கோட்டை அவர்மேல் இழுத்தேன். ஆள் போய்விட்டார். பனிமலை சுத்தமாக இருந்தது.

சட்டை ஒரு சாக்குதான். கறுப்புச் சட்டை போட்டிருந்தாலும் இழுத்திருப்பேன். என் இரண்டு வரிகளை அவர் என்னைவிட நன்றாகப் பாடியிருந்தார்.

மெமரி கார்டையும், கணினியில் இருந்த அசலையும் துடைத்துவிட்டேன்.

சபையில் திரையிட்டபோது அவர் ஷிப்டில் இருந்தார். அந்த இரண்டு வரிகள் வந்தன. எல்லோருடைய வாயும் மூடியிருக்க, பனிமலையிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"யாருப்பா பாடறது?"

"ஆயரா இருக்கும்."

"ஆயரு எப்போ இவ்ளோ நல்லா பாடனாரு?"

ஆள் குறைவதை ஒருவரும் கவனிக்கவில்லை. வாட்ஸ்அப்பில் போன வீடியோவைப் பார்த்து, குவைத்தில் நர்ஸாக இருக்கும் கடைசி வரிசைக்காரரின் மகள்தான் கவனித்தாள். இரண்டு நாள் கழித்து அவர் என் வீட்டுக்கு வந்தார்.

"சார், கூட வேலை செய்யறவங்க எல்லாரையும் உக்கார வெச்சி போட்டுக் காட்டினாளாம். பாட்டு வருது, உன்னக் காணோமேப்பான்றா."

"மெஷின் பண்ண தப்பு. வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சுவரு" என்றேன்.

அவர் சிரித்தார். "வாடைய எடுக்கச் சொன்னா ஆளையே எடுத்துடுச்சா? பரவால்ல சார், நீங்க புடிச்சத அப்டியே குடுங்க. சுவரோடவே இருக்கட்டும்."

கார்டைத் துடைத்துவிட்டதைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"அவளுக்கு லீவு கெடைக்க இன்னும் ரெண்டு வருஷம் ஆவும் சார்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

அதன்பின் பயிற்சிக்கு அவர் வரவில்லை. கேட்டவர்களிடம் மெஷினுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்றாராம். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என்னை அவர் வீட்டுக்குத் துரத்தியது.

"மெஷின் இல்ல. நான்தான் எடுத்தேன்" என்றேன்.

அவர் மனைவி அடுப்பை அணைத்தார். அவர் போனைத் தேடி எடுத்தார். "எங்கிட்ட சொல்லி இன்னா சார் ஆவப்போவுது? அவகிட்ட சொல்லுங்க." மகளுக்கு வீடியோ கால் போட்டுப் போனை என் கையில் கொடுத்தார்.

சீருடையில் இருந்தாள். முழுவதையும் சொன்னேன், துடைத்த கார்டு வரை.

"ஏன் அங்கிள்?"

"பொறாமைம்மா."

போனை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள். கொடுத்துவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

"அப்பா, அந்த ரெண்டு வரிய இப்ப பாடு. நான் ரெக்கார்ட் பண்றேன்."

"இப்பவா? கைலில இருக்கறேன்டி."

"பாடுப்பா. அங்கிள், நீங்க கொஞ்சம் தள்ளிக்கோங்க. பின்னாடி தெரியறீங்க."

எழுந்து கேஸ் சிலிண்டருக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.