எழுவைதீவிலிருந்து நடந்து வந்தவள்

அம்மாவின் இன்சுலின் முடிந்துவிட்டது. ஊரடங்கால் படகுச் சேவையும் இல்லை. இன்று காலை எங்கள் மீன்பிடி வள்ளத்தில் ஊர்காவற்றுறைக்குப் போனேன்.

இறங்குதுறையில் பொலிஸ்காரர் மறித்தார். மருந்தெடுக்கப் பாஸ் தரலாமாம். ஆனால் என்ன வாகனம் என்று படிவத்தில் எழுத வேண்டுமாம்.

"வள்ளம்," என்றேன்.

"வள்ளம் இதில இல்லை அக்கா. கார், வான், மோட்டார் சைக்கிள், நடை. இவ்வளவுதான் இருக்கு. பாஸ் தரேலாது, திரும்பிப் போங்கோ."

"மருந்தில்லாமல் நான் போகமாட்டன் தம்பி. நடை எண்டு போடும்."

"எழுவைதீவிலயிருந்தோ?"

"ஓம். நடந்துதான் வந்தனான். போடும்."

என் முகத்தைப் பார்த்தார். முழங்கால்வரை நனைந்திருந்த பாவாடையைப் பார்த்தார். போட்டார்.

மருந்து வீட்டுக்கு வந்துவிட்டது. பாஸையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். 'எழுவைதீவிலிருந்து ஊர்காவற்றுறை, நடை.' கையொப்பம், முத்திரை எல்லாம் உண்டு.

கடல்மேல் நடந்தவர் இதுவரை ஆண்டவர் ஒருவர்தான். அவருடைய சீடர் இராயப்பர் பாதியில் மூழ்கிப்போனவர், அவரைச் சேர்க்க முடியாது.

கோயில் பூட்டிக் கிடக்கிறது. பங்குச் சுவாமியின் நம்பர் வைத்திருப்பவர்கள் யாராவது, இனி இரண்டு பேர் என்று அவருக்குச் சொல்லிவிடுங்கள்.