கோபுரத்துக்கு அடியில் கார்ப்பெட் கடை

இந்த ஆண்டு ஆடிக் கிருத்திகை அன்று எங்கள் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவோம், திருத்தணிக் கூட்டத்தில் தொலைந்துபோனார். நான் படிப்புக்காக ஸ்காட்லாந்தில் இருக்கிறேன். அன்று எனக்கு முருகன் எங்கே வைத்துப் பதில் கொடுத்தான் என்பதை அடியார்களாகிய உங்களிடம் சொல்லாமல் இருந்தால் நான் நன்றிகெட்டவள்.

ஆர்.கே.பேட்டையில் எங்களுக்கு விசைத்தறி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். கல்லூரிக்குப் போனதும் நான்தான், விமானம் ஏறியதும் நான்தான். இதைப் பெருமையாகவே சொல்கிறேன். டாக்டர் சொல்வதைக் கேட்டு வீட்டுக்கு விளக்குவது, பேங்கில் பேசுவது, கரண்ட் ஆபீஸில் சண்டை போடுவது எல்லாம் நான். "பெரியவளைக் கேளு" என்பதுதான் எங்கள் வீட்டில் எல்லாச் சிக்கலுக்கும் பதில்.

போன வருடம் நைனாவுக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் தேறியது. பேச்சு தேறவில்லை. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. அரோகரா. தண்ணீர் வேண்டுமானாலும் அரோகராதான், கோபம் வந்தாலும் அரோகராதான். நினைவும் கலைந்துபோனது. எப்போதோ விற்றுவிட்ட கைத்தறியை வீடெல்லாம் தேடுவார். அவர் ஓரளவு நடக்க ஆரம்பித்த பிறகுதான் நான் படிக்கக் கிளம்பினேன். நைனா நடந்தால் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பதாக அம்மா வேண்டியிருந்தார்கள். அதற்காகத்தான் அன்று திருத்தணிக்குப் போனார்கள்.

எனக்கு அங்கே அதிகாலை. தங்கை ரேவதி போன் செய்தாள். அவள் குரலுக்குப் பின்னால் மேளமும் கூட்டமும்.

"அக்கா, நைனாவக் காணோம்கா."

"இன்னாடி சொல்ற? அம்மா எங்க?"

"அம்மா கையப் புடிச்சிகினுதான் இருந்தாங்க. நான் தண்ணி வாங்கப் போனேன். கூட்டம் வந்து தள்ளிச்சு. திரும்பிப் பாத்தா ஆளு இல்லக்கா."

மாமா மகன் சேகர் பாவா போனை வாங்கினார். எதற்கும் சிரிக்கிற மனிதர்.

"பதறாத. மைக்ல சொல்லிகினே கீறாங்க. போலீஸ்காரங்க கிட்ட போட்டோ குடுத்துட்டேன்."

"பேர் கேட்டா அவரால சொல்ல முடியாதே பாவா. அரோகரான்னுதான் சொல்வாரு."

"அதான் பிரச்சன. அரோகரான்னு சொல்ற ஆளு ஒருத்தர தேடறோம். இங்க வந்தவன் எல்லாம் அதத்தான கத்திகினு கீறான்!"

சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. போனை ரேவதியிடம் கொடுத்துவிட்டார்.

நைனாவுக்குச் சர்க்கரை வியாதி. காலை மாத்திரை போட்டாயிற்று, டிபன் அம்மாவின் பையிலேயே இருந்தது. ஆடி வெயில். அவர் எங்காவது மயங்கி விழுந்தால், கூட்டத்தில் களைத்துப் படுத்திருக்கிற காவடிக்காரர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பசி என்று கேட்க அவருக்கு வாய் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. படித்திருக்கிறேனே. படித்ததால் அன்று கிடைத்தது அது ஒன்றுதான், என்ன ஆகும் என்று முன்கூட்டியே தெரிந்தது.

தெரிந்த எல்லோருக்கும் அவர் போட்டோவை அனுப்பினேன். எண் தேடி எடுத்து எங்கெங்கோ பேசினேன். பிறகு செய்ய எதுவும் இல்லை. ரேவதி அடிக்கடி கூப்பிட்டு, "மண்டபத்துல பாத்தாச்சு. படியில பாத்தாச்சு. பஸ் ஸ்டாண்டுல பாத்தாச்சு. இப்ப இன்னா பண்றதுக்கா?" என்று கேட்டாள். "பெரியவளைக் கேளு" என்ற வீட்டில், பெரியவள் ஓர் அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அறையில் இருக்க முடியவில்லை. எங்காவது போய்ச் சாமி கும்பிட்டே ஆகவேண்டும் என்று தோன்றியது. நம் கோயில் என்றால் ரயில் ஏறிப் பெரிய நகரத்துக்குப் போகவேண்டும். நான் இருப்பது சின்ன ஊர். அந்த ஊரில் தெருவுக்கு ஒரு தேவாலயம் இருக்கும். எல்லாம் கருங்கல், எல்லாம் கூர்கோபுரம். எந்தச் சாமியானால் என்ன என்று மழையில் நடந்தேன். முதல் தேவாலயத்தின் கதவில் ஆறேழு அழைப்பு மணிகள் இருந்தன. உள்ளே குடியிருப்பு வீடுகளாகிவிட்டது. அடுத்ததில் கயிறு கட்டிச் சுவர் ஏறிப் பழகிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது இன்னும் தேவாலயம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்குமாம். அன்று ஞாயிறு இல்லை.

கடைசியாக என் கோபுரத்துக்குப் போனேன். என் கோபுரம் என்றுதான் சொல்வேன். ஊரிலேயே உயரமானது அது. காலேஜ் போகும் பஸ்ஸிலிருந்து அதன் உச்சி மட்டும் தெரியும். கோபுரத்தைக் கண்டால் நாம் சும்மா இருப்போமா? தினமும் காலையில் அந்தத் திருப்பம் வந்ததும் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். உள்ளே போனது மட்டும் இல்லை.

படியில் ஷூவையும் சாக்ஸையும் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலுடன் கதவைத் தள்ளினேன்.

உள்ளே கார்ப்பெட் கடை. சுருட்டிய விரிப்புகள் தூண் தூணாக நின்றன. பீடம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் தள்ளுபடி விலைப் பலகை தொங்கியது. அதற்கு மேலே வண்ணக் கண்ணாடி ஜன்னல் மட்டும் அப்படியே இருந்தது. இத்தனை மாதமும் நான் கும்பிட்டது இதைத்தான்.

கடைக்காரப் பெண் என் காலைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். விரிப்பு அழுக்காகக் கூடாதென்று மழையில் ஷூவைக் கழற்றி வந்த முதல் ஆள் நான்தானாம். எனக்கு அழுகை வெடித்தது. வேறு போக இடம் இல்லை. அந்தத் தள்ளுபடிப் பலகையைப் பார்த்தே கைகூப்பினேன். "முருகா, எனக்கு ஒண்ணும் தெரியல. நீ பாத்துக்கோ" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அப்போது விரிப்புகளுக்கு நடுவிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். பஸ் டிரைவர் சீருடை. கையில் பாதி தின்ற ரொட்டி. இயன் என்று பெயர். அவர் பேசியதை எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன், என் காதில் அப்படித்தான் விழுந்தது.

"அட, நீ கன்னத்துல போட்டுக்கற பொண்ணுதான? காலையில நம்ம பஸ்லதான வருவ. கண்ணாடியில பாப்பேன். ஒரு பொண்ணுக்குக் கார்ப்பெட் மேல இவ்ளோ ஆசையான்னு நெனச்சிப்பேன்."

அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். பிறகு, எதையாவது கேட்கவேண்டும் என்று, "நீங்க ஏன் இங்க உக்காந்து சாப்பிடறீங்க?" என்று கேட்டேன்.

கடைக்காரப் பெண் முந்திக்கொண்டார். "இவரா? தெனம் வருவாரு. ஒரு மிதியடி கூட வாங்கனதில்ல."

இயன் தான் உட்கார்ந்திருந்த தூணோரத்தைக் காட்டினார். "எங்க அம்மாவோட பெஞ்சு இங்கதான் இருந்துச்சு. கோயில மூடிட்டு அடுத்த தெருக் கோயிலோட சேத்துட்டாங்க. ஞாயித்துக்கெழம அங்கதான் போறேன். ஆனா மனசு சரியில்லன்னா காலு அங்க போகாது. தானா இங்கதான் வருது."

அப்படியானால் நைனாவின் கால் எங்கே போகும்?

நைனா எங்கள் ஊர்ப் பஜனைக் கோஷ்டியில் பாடியவர். திருத்தணி மலையடிவாரத்தில் அவர்களுக்கு ஒரு பழைய பஜனைக் கூடம் இருந்தது. கிருத்திகை தோறும் அங்கே பாடிவிட்டுத்தான் மலை ஏறுவார்கள். நான் பள்ளியில் படிக்கும்போது ஒரு மழையில் அது இடிந்தது. சாமி படத்தையும் ஆர்மோனியத்தையும் வேறு தெருவில் புதுக் கூடம் கட்டிக் கொண்டுபோய்விட்டார்கள்.

ரேவதியைக் கூப்பிட்டேன்.

"பஜனைக் கூடத்துல பாத்தீங்களா?"

"காலையிலயே பாத்துட்டோம்கா. அங்க இல்ல."

"புதுசு இல்லடி. பழசு."

"பழசா? அது இடிஞ்சி எத்தன வருஷம் ஆச்சு! அங்க பைக் ஸ்டாண்டு இருக்குது."

"அங்கதான் போ. ஓடு."

பாவா பின்னாலிருந்து கத்துவது கேட்டது. "ஸ்டாண்டுல பைக்குதான் இருக்கும், மாமா எப்பிடி இருப்பாரு?" கத்திக்கொண்டே ஓடினார் போலிருக்கிறது, மூச்சு வாங்கியது.

இயன் பஸ் எடுக்கவேண்டிய நேரம் வந்துவிட்டது. என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். கடைக்காரப் பெண் ஒரு விரிப்புச் சுருளின் மேல் என்னை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். போன் மடியில் கிடந்தது. அங்கே ஊரில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இருட்டிவிட்டால் எப்படித் தேடுவார்கள்? நான் வண்ணக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் முடிந்தது அதுதான்.

போன் அடித்தது. ரேவதியின் அழுகைதான் கேட்டது. பாவாதான் சொன்னார்.

"இருக்காரும்மா. இருக்காரு."

ஸ்டாண்டு வாசலில் நைனாவின் செருப்பு ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்ததாம். உள்ளே இரண்டு பைக்குகளுக்கு நடுவில், ஒரு காலத்தில் ஆர்மோனியம் இருந்த மூலையைப் பார்த்துக் கைகூப்பி உட்கார்ந்திருந்தாராம். உதடு வெடித்து, கண் செருகிக்கொண்டிருந்தது. ஸ்டாண்டுக்காரர் பாவாவிடம் சொன்னது இது:

"மத்தியானமே வந்துட்டாருப்பா. பெருசு, டோக்கன் எங்கன்னு கேட்டேன். அரோகரான்னாரு. வண்டி எதுன்னு கேட்டேன். அதுக்கும் அரோகரான்னாரு. சரி, சாமி கும்புட வந்த மனுஷன், குந்திகினு போறாருன்னு வுட்டுட்டேன்."

இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சர்க்கரை இறங்கி நினைவே போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுநாள் கண் விழித்து என்னோடு போனில் பேசினார். ஒரே சொல்தான். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அவருக்குப் பேச்சு திரும்பவில்லை. திரும்பிவிட்டது என்று நான் பொய் சாட்சி சொல்லமாட்டேன். ஆனால் நான் மாறியிருக்கிறேன். முன்பெல்லாம் வேண்டுதல் என்றால் முருகனுக்கு வேலை சொல்வேன், இந்த மார்க் வேண்டும், அந்த விசா வேண்டும் என்று. இப்போது, எனக்குத் தெரியவில்லை, நீ பார்த்துக்கொள் என்று சொல்லத் தெரிகிறது. கிருத்திகைக்கு ரேவதி நைனாவை முதலில் பைக் ஸ்டாண்டுக்குத்தான் அழைத்துப்போகிறாள். ஸ்டாண்டுக்காரர் அந்த மூலையில் வண்டி விடுவதில்லை. நான் கார்ப்பெட் கடை என்று தெரிந்தே அந்தக் கோபுரத்துக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன். அந்தத் திருப்பம் வந்ததும் இயன் பஸ்ஸைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டுகிறார்.

உங்களுக்கும் கை ஓய்ந்துபோகிற ஒரு நாள் வரலாம். கோயில் தூரமாக இருக்கலாம், கதவு பூட்டியிருக்கலாம். நின்ற இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு அவனைக் கூப்பிடுங்கள். நான் கூப்பிட்டபோது என் எதிரே தள்ளுபடிப் பலகைதான் தொங்கியது. அவன் அங்கேயும் கேட்டான்.