படத்துக்கு நின்ற இராக்கம்மா

இலங்கை மலையகத்தில் ஹாலிஎலவுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், சும்மா நிற்பதற்காகச் சம்பளக் கணக்கில் பேர் போடப்பட்ட ஒரே பெண் இராக்கம்மாதான். சும்மா நின்று சம்பளம் வாங்கிய ஆண்கள் பலர் உண்டு. அவர்களைக் கங்காணி என்றும் கணக்கப்பிள்ளை என்றும் மரியாதையாக அழைப்பார்கள்.

துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, தாயின் இடுப்பில் காடு கடந்து மலையேறிய குழந்தை அவள். நடக்கத் தெரிந்ததும் கூடை தூக்கத் தெரிந்துகொண்டாள். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் கந்தப்பனுக்கு வாழ்க்கைப்பட்டாள். நான்கு பிள்ளை பெற்றாள், இரண்டு தங்கின. முப்பது வயது தாண்டும்வரை அவளுக்கென்று வேறு எதுவும் நடக்கவில்லை. நடப்பதற்குக் கொழுந்து இடம் கொடுக்கவில்லை.

அப்போதுதான் புதுத் துரை வந்தார். அவர் கொண்டுவந்த சாமான்களில் எல்லோரும் பயந்து பயந்து தூக்கியது ஒரு படத்தைத்தான். சீமையில் அவர் பிறந்த கிராமத்து ஆறு அது. ஆறு என்பது அவர் சொன்னது. அகலத்தைப் பார்த்தால் நம் ஊரில் வாய்க்கால் என்றுதான் சொல்வோம். அதன்மேல் பாசி படர்ந்த இரண்டு பழைய கல்பாலங்கள். தண்ணீரில் வாத்துகள். முன்னால் தெரிந்த பாலத்தில் வெள்ளைக் குல்லாய் போட்ட ஒரு பெண் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"என் ஊர் ஆறு. சின்ன ஆறு. ரொம்ப நல்ல ஆறு" என்று துரை தமக்குத் தெரிந்த தமிழ் முழுவதையும் செலவழித்துச் சொல்வார். சொல்லும்போது கண் கலங்கும். பங்களாச் சமையல்கார லிங்கம் இதை ஆட்கள் குடியிருந்த லயத்தில் வந்து சொன்னபோது, சீமையில் பெண்களுக்கெல்லாம் பாலத்தில் நிற்பதுதான் வேலை போலிருக்கிறது என்று பெண்கள் முடிவுகட்டினார்கள்.

துரையின் மனைவி துரைசாணி அந்த வருடக் கடைசியில் வருவதாக இருந்தது. அவளும் அதே கிராமத்துக்காரி. வந்து இறங்குகிறவள் ஊரை விட்டு வந்ததாகவே உணரக்கூடாது என்று துரை தீர்மானித்தார். ஆகவே பதுளையிலிருந்து கொத்தனார் புஹாரி பாஸ் வரவழைக்கப்பட்டார். தோட்டத்து ஓடைமேல், படத்தில் உள்ளது போலவே ஒரு கல்பாலம் கட்ட உத்தரவாயிற்று.

"ஆளுங்க கடக்குற எடம் மேலேல்ல இருக்கு, அங்க கட்டட்டுங்களா?" என்று பாஸ் கேட்டார்.

"அங்கே கட்டினால் எனக்குத் தெரியாதே!" என்றார் துரை. பங்களா வராந்தாவில் அவருடைய பிரம்பு நாற்காலிக்கு நேராகப் பாலம் எழும்பியது. ஆட்கள் வழக்கம்போல, கால் மைல் மேலே ஓடைக்குக் குறுக்கே கிடந்த வழுக்கும் மரத்தின் மீது கூடையும் தாங்களுமாகத் தள்ளாடிக் கடந்தார்கள். முந்திய வருடம் பாக்கியலெட்சுமி அதிலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டிருந்தாள். கூடை தண்ணீரோடு போய்விட்டதே என்று தோட்டமே வருத்தப்பட்டது.

பாலம் நன்றாகவே அமைந்தது. குறை ஒன்றுதான்: புதிதாக இருந்தது. துரைக்கு முந்நூறு வருடப் பழமை வேண்டும், அதுவும் மூன்று மாதத்துக்குள். சாணிக்கரைசலும் சோற்றுக்கஞ்சியும் கலந்து தினமும் கல்லில் பூசினார்கள். லயத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத கஞ்சியைக் குடித்துப் பாசி கொழுகொழுவென்று வளர்ந்தது. அதை யாரும் மிதித்துவிடக் கூடாதென்று இரு முனையிலும் கயிறு கட்டினார்கள். வாத்துகளும் வந்தன. அவற்றைக் கீரிப்பிள்ளைகள் ஒரே வாரத்தில் முடித்துவிட்டன.

மீதி இருந்தது அந்தப் பெண். ஒரு நாள் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் துரை பெண்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து, இராக்கம்மாவைக் காட்டினார். அவள் அதிகம் இருமாதவள் என்பது ஒரு தகுதி.

"சாயந்தரம் தொரை டீ குடிக்கையில நீ பாலத்துல நிக்கணும். அரைநாள் சம்பளமா அரைப்பேரு போடுவாக" என்றான் இராசையா கங்காணி.

"நின்னு என்னங்க பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணக்கூடாது. பண்ணுனா பேரை வெட்டிப்புடுவேன்."

பதுளைத் தையல்காரர் ஜாபிர் தைத்த வெள்ளைக் குல்லாய் வந்தது. முதல்நாள் அதைச் சேலை முந்தானைக்குமேல் மாட்டிக்கொண்டு நின்றபோது அவளுக்கு வெட்கத்தில் உயிரே போய்விட்டது. லயமே எதிர்மேட்டில் உட்கார்ந்து சிரித்தது. இரண்டாம் வாரம் சிரிப்பு ஓய்ந்தது, பொறாமை ஆரம்பித்தது. இராக்கம்மாவோ தண்ணீரைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். இத்தனை வருடம் அந்த ஓடையைக் கடந்திருக்கிறாள். ஒரு நாளும் பார்த்ததில்லை. கல்லிடுக்கில் சின்ன மீன்கள் ஓட்டத்தை எதிர்த்து ஒரே இடத்தில் நீந்திக்கொண்டிருந்தன. அவற்றுக்கு யார் பேர் போடுகிறார்கள் என்று நினைத்து, தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

"நின்னு நின்னு காலு வலிக்குதுன்னு மட்டும் எங்கிட்ட சொல்லிடாத" என்றான் கந்தப்பன்.

துரைசாணி பண்டாரவளைவரை ரயிலிலும் பிறகு குதிரை வண்டியிலும் வந்து சேர்ந்தாள். கூடவே ஐப்பசி மழையும் வந்தது. இரண்டு நாள் வராந்தாவில் உட்கார்ந்து பாலத்தைப் பார்த்தாள், குல்லாய்ப் பெண்ணைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அவள் மகிழ்ச்சியில் வாயடைத்துவிட்டாள் என்று துரை எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் சாயந்தரம் ஓடை பொங்கி, மேலே கிடந்த மரத்தை அடித்துக்கொண்டு போனது. அக்கரை மலையில் கொழுந்தெடுத்த பெண்கள் அத்தனை பேரும் கூடையோடு பாலத்தின் முனைக்கு ஓடிவந்தார்கள். அவர்களோடு வந்த இராசையா கங்காணி கயிற்றின்முன் கையை விரித்து நின்றான்.

"தொரைகிட்ட உத்தரவு கேக்காம ஒருத்தியும் ஏறக்கூடாது!"

"அப்ப போயிக் கேளுங்க!"

"எப்புடிப் போறது? பாலத்துல ஏறித்தான போகணும்? ஏற உத்தரவு இல்லயே!"

பெண்கள் நின்ற கரையில் தண்ணீர் முழங்காலைத் தொட்டது. மழையானாலும் பேர் பேர்தானே என்று கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாலத்தில் நின்ற இராக்கம்மா, அக்கரை முனைக்கு வந்து கயிற்றை அவிழ்த்தாள்.

"ஏ, யாரு ஒனக்கு உத்தரவு தந்தது?"

"படத்துக்கு ஒரு ஆளு பத்தலையாமுங்க. எல்லாரும் வந்து நிக்கணுமாம். நீங்களுந்தான்."

முதலில் ஏறியவள் பாசியில் சறுக்கிக் கைப்பிடிச் சுவரைக் கட்டிக்கொண்டாள். இராக்கம்மா கம்பளியைக் கழற்றிக் கல்லில் விரித்தாள். குல்லாயைக் கழற்றிப் பாசியை வழித்து எறிந்தாள். ஒவ்வொருத்தியையும் கைபிடித்துக் கடத்தினாள். கஞ்சி குடித்து வளர்ந்த முந்நூறு வருடம் முழுவதும் சேற்றுக்கால்களில் ஒட்டிக்கொண்டு இக்கரைக்கு வந்துவிட்டது.

துரை குடையோடு ஓடிவந்தார். முகம் செங்கல்லாகச் சிவந்திருந்தது. "யார் கயிறு?" என்று கத்தினார்.

"நான் எம்புட்டோ தடுத்தேங்க, இவதாங்க!" என்றான் கங்காணி. அவனும் அதற்குள் பத்திரமாக இக்கரை சேர்ந்திருந்தான்.

"நாந்தாங்க தொரை" என்றாள் இராக்கம்மா. "தண்ணி உத்தரவு கேட்டுக்கிட்டு வரலைங்களே."

பின்னாலேயே வந்த துரைசாணி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவரிடம் வேகமாக என்னவோ சொன்னாள். அவளுக்குக் குடை பிடித்து நின்ற லிங்கம் தனக்குப் புரிந்ததைத் தணிந்த குரலில் எல்லோருக்கும் சொன்னான்: "இப்பத்தான் அவுக ஊருப் பாலம் மாதிரி இருக்காம். அங்க நாள் பூரா மாடும் பன்னியும் சாணி வண்டியுந்தான் போகுமாம். கால் வைக்கவே முடியாதாம். படத்துல நிக்கிற பொம்பளையும் சும்மா நிக்கலையாம். ரொட்டிக் கடைக்காரன் பொஞ்சாதியாம். ஆட்டு மந்தை வழியை மறிச்சுச்சாம், அதான் ஒதுங்கி நின்னாளாம்."

துரை படத்தில் ஆடுகளைப் பார்த்ததேயில்லை. பாலத்தையும் சேற்றையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு குடையைக்கூடப் பிடிக்காமல் மழையில் நனைந்துகொண்டே பங்களாவுக்கு ஏறிப்போனார்.

கயிறு மறுபடி கட்டப்படவில்லை. அந்த வாரமே எல்லோரும் பாலத்தில் நடக்கலாம் என்று உத்தரவாயிற்று. அதற்காகத் துரையிடம் மன்றாடியது தான்தான் என்று இராசையா கங்காணி கள்ளுக்கடையில் சொல்லிப் பெருமைப்பட்டான். மேலே புது மரம் போடும் செலவு மிச்சமென்று கணக்கப்பிள்ளை மகிழ்ந்தார். கால் மைல் சுற்ற வேண்டியிருக்கிறதே என்று பாக்கியலெட்சுமி இராக்கம்மாவைத் திட்டினாள். எல்லோரும் நடக்கிற பாலத்தில் ஒருத்தி தனியாக நிற்பதற்கு அவசியமில்லை என்று இராக்கம்மாவின் அரைப்பேர் நின்றது. திரும்பவும் முழுநாள் கொழுந்துக்குப் போனாள்.

"அத்தனை பேரையும் கூட்டிக்கிட்டு வந்தியே, ஒருத்தியாச்சும் ஒனக்கு அரைப்பேரு தருவாளா?" என்று கந்தப்பன் கேட்டான்.

"தர மாட்டாளுக" என்றாள் இராக்கம்மா, சட்டியை இறக்கிக்கொண்டே. "அவளுக புள்ளைக அன்னைக்கு ஆத்தா கையால சோறு தின்னுச்சுக. நீங்களும் ஆறுறதுக்குள்ள தின்னுங்க."

கந்தப்பன் தட்டை இழுத்துக்கொண்டான். உப்புக் குறைவு என்று மட்டும் சொன்னான்.