பெறாமக்கள் வரிசையில்

அப்பா மோசம் போன அன்று மத்தியானம் இங்கே சுவிஸில் பூம்ப்ளிஸிலிருந்து அண்ணை போன் எடுத்தார். மரண அறிவித்தல் எழுதி முடிந்துவிட்டது, வாசிக்கிறேன், பிழை இருந்தால் சொல் என்றார். மனைவி பெயர், பிள்ளைகள் மூவரின் பெயர், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று வாசித்துக்கொண்டே போனார்.

“அண்ணை, என்ரை பேர்?”

“பொறு, போட்டிருக்கிறன். பெறாமக்களிலை இருக்கு.”

பெறாமக்கள் என்றால் எங்கள் ஆட்களிடம் ஆணுக்கு அண்ணன் தம்பியின், பெண்ணுக்கு அக்கா தங்கையின் பிள்ளைகள். நான் அப்பாவின் சொந்த மகள். அப்பா முதலில் பெரியம்மாவைக் கட்டினார். சில வருடங்களில் அவருடைய தங்கையையும் கட்டிக்கொண்டார். அந்தத் தங்கைதான் என் அம்மா. அண்ணையும் இரண்டு அக்காமாரும் பெரியம்மாவின் பிள்ளைகள். ஒரே வளவு, இரண்டு அடுப்பு. ஊரில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், யாரும் ஒளிக்கவில்லை.

ஒளித்தது இங்கேதான். அப்பாவையும் பெரியம்மாவையும் சுவிஸுக்குக் கூப்பிட்டதும் அண்ணை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஆக்களுக்கு முன்னாலை அப்பாவைப் பெரியப்பா எண்டு சொல்லு” என்றார். சொன்னேன். அப்பா திரும்பிப் பார்த்து, “என்ன பிள்ளை?” என்றார். ஒருநாளும் என்னைத் திருத்தவில்லை.

“இனியாவது மகள் எண்டு போடுங்கோவன்” என்றேன்.

“விசரோ உனக்கு? என்ரை பெரியவளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறம். மாப்பிள்ளை பகுதி வாசிக்காதோ? பேர் இருக்குத்தானே, விட்டிட்டமோ?”

“ஓம் அண்ணை” என்று வைத்துவிட்டேன்.

செத்தவீட்டில் ஐயர் மகள்மாரை வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார். அக்காமார் இருவரும் போனார்கள். என் கால் தானாக ஒரு அடி வைத்தது. முன்பின் தெரியாத ஒரு மனுசி என் கையைப் பிடித்தார். “நீங்கள் பெறாமகளெல்லோ? சொந்தப் பிள்ளையள் முதல் போடட்டும்.” நின்றேன்.

பிரெஞ்சு பேசும் பக்கத்தில், ரெனானில் ஒரு முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கும் பகுதியில் வேலை செய்கிறேன். அப்பா செத்துவிட்டார் என்று மேலாளரிடம் சொல்லித்தான் மூன்று நாள் லீவு எடுத்திருந்தேன். திரும்பிப் போனதும் சமையலறையில் நிற்கும் எங்கள் ஆள் ஒருத்தி சிரித்தாள். அறிவித்தலை போனில் பார்த்திருக்கிறாள்.

“பெரியப்பாவுக்கு மூண்டு நாளோ? எனக்கெண்டா என்ரை பெரியப்பாவுக்கு ஒருநாள்தான் தந்தவை. வாயில்லாப் பூச்சி எண்டு நினைச்சன், நீங்கள் கெட்டிக்காரி!”

பத்து மணிக்குள் அது மேலாளரின் காதுக்குப் போய்விட்டது. அவள் கோபப்படவில்லை. இறந்தது தகப்பனா, தகப்பனின் சகோதரனா என்று மட்டும் கேட்டாள். அப்பாவின் பெயர் போட்ட என் பிறப்புச் சான்றிதழ், பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு, வீட்டில் இருக்கிறது. மறுநாள் கொண்டுவந்து காட்டியிருக்கலாம். ஆனால் அந்தச் சமையலறைப் பெண் கதவடியில் துவாய்களை எண்ணுவதுபோல் நின்றாள். நான் அப்பா என்று சொன்னால் பின்னேரத்துக்குள் பூம்ப்ளிஸ் வரை போய்விடும்.

பெரியப்பா என்றேன்.

அப்பா உயிரோடு இருந்தபோது அப்படிக் கூப்பிட்டதற்கு அண்ணையைத் திட்டலாம். இத்தனை வருடம் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அன்று அந்த அறையில் அண்ணை இருக்கவில்லை.

இரண்டு நாளை என் கோடை விடுமுறையில் கழிப்பதாக மேலாளர் சொன்னாள். லீவுப் படிவத்தில் தகப்பன் என்றிருந்ததை அவளே வெட்டிவிட்டு, மேலே மற்றதை எழுதி, என் பக்கம் திருப்பி வைத்தாள். கையெழுத்துப் போட்டேன்.