மனோன்மணி டீச்சரின் காரும் முன்சீட்டில் என் பயமும்

ஊட்டியில் ஒரு கல்யாணப் பந்தியில் இலை முன் உட்கார்ந்திருந்தபோது எங்கள் ஊர் கட்டபெட்டிலிருந்து போன் வந்தது. டீச்சரின் பக்கத்து வீட்டுக்காரர். "மனோன்மணி டீச்சர் போயிட்டாங்க சார்." நான் கேட்ட முதல் கேள்வி, "எந்த வளைவுல?" என்பது. அவருக்கு விளங்கவில்லை. "வளைவெல்லாம் இல்லீங்க. வீட்டுலதான், காப்பி குடிச்சிட்டு இருந்தாங்க, நெஞ்சு வலின்னாங்க" என்றார். அவரிடம் கணக்குப் படித்தவர்களும் நம் பள்ளியில் அவரோடு வேலை பார்த்தவர்களும் என்னை மன்னிக்க வேண்டும். தினமும் அவர் ஓட்டிய காரில் முன்சீட்டில் குன்னூர்ப் பள்ளிக்குப் போய்வந்தவனுக்கு வேறு கேள்வி வராது.

டீச்சருக்கு அந்தக் கார் மீது இருந்த பிரியம் உங்களுக்குத் தெரியும். வண்டியை நன்றாக ஓட்டுவார். ஆனால் கம்பெனி கொடுத்தது கொடுத்தபடி ஓட்ட மாட்டார். காற்று வடிகட்டியை மாற்றினார், புகைக்குழாயை மாற்றினார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் வண்டி ஒரு புதுக் குரலில் உறுமும். நான் கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு தமிழ்ச் செய்யுளை மனத்துக்குள் ஒப்பிப்பேன். எனக்குத் தாங்க முடியாதபோது, "டீச்சர், பயமா இருக்குதுங்க" என்று சொல்லிவிடுவேன். அவர் ஒரு நாளும் சிரித்ததில்லை. உடனே ஒரு கியர் குறைப்பார். எங்களுக்குள் அது ஓர் ஒப்பந்தம் மாதிரி.

பிறகு அந்தப் பெட்டி வந்தது. சோப்பு டப்பா அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. டீசல் எஞ்சினின் ஒயர்களுக்கு இடையே சொருகிவிட்டால் இழுவை கூடுமாம். "ஏனுங்க சார், ஏத்தத்துல பஸ்ஸு பின்னாடியே புகை குடிச்சிட்டுப் போகோணுமுன்னு நமக்குத் தலையெழுத்துங்களா?" என்றார். பொய் சொல்லக்கூடாது, வண்டி பறந்தது. தினமும் எங்களோடு பின்சீட்டில் வந்த இரண்டு ஆசிரியைகளும் கைதட்டினார்கள். சில வாரங்களில் காருக்குள் ஏதோ கருகும் வாடை வர ஆரம்பித்தது. பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை வாடை என்று அவர்கள் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் மூக்கில் ஏறும் எதையும் தொழிற்சாலை மேல் போட்டுவிடுவது வழக்கம். நானும் நம்பினேன்.

ஒரு மாலை, வீடு திரும்பும் ஏற்றத்தில், கொண்டை ஊசி வளைவின் நடுவில் வண்டி நின்றது. எஞ்சின் அலறுகிறது, சக்கரம் சுற்றவில்லை. பிரேக்கை விட்டு முயன்ற ஒவ்வொரு முறையும் கார் பின்னால் நழுவியது. பின்னால் பள்ளம், அதை மூடிய பனிமஞ்சு. அந்த மஞ்சுக்குள் பச்சைத் தேயிலை ஏற்றிய லாரி ஒன்று ஏறி வரும் சத்தம் கேட்டது. என் கை எப்போதும் கைப்பிடியிலேயே இருந்ததால் முதலில் இறங்கியவன் நான்தான். ஓரத்துக் கல்லை உருட்டிப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தேன். குடையை விரித்து ஆட்டிக்கொண்டு, கத்திக்கொண்டே கீழ்நோக்கி ஓடினேன். லாரி என் குடைக்கு முன்னால் வந்துதான் நின்றது. அப்புறம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

டீச்சர் வந்து என் பக்கத்தில் ஈரப்புல்லில் உட்கார்ந்தார். "எஞ்சினுக்கு மட்டும் பலம் குடுத்துப்போட்டேன் சார். கிளட்ச்சு அதே பழைய கிளட்ச்சு தானுங்களே, அது எத்தனை தாங்கும்? கருகுன வாடை அதுதானுங்க" என்றார். பிறகு, "பயந்தவங்க ஒருத்தராச்சும் வண்டியில இருக்கோணுமுங்க" என்றார். மறுநாளே பெட்டியைக் கழற்றினார், புதுக் கிளட்ச் போட்டார். சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கக் கற்பூர மரத்தில் ஓர் ஆப்புக்கட்டை செய்து என் சீட்டுக்கு அடியில் வைத்தார். பெட்டியைத் தூக்கிப் போடவில்லை. சமையலறையில் காப்பித்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். இதெல்லாம் தண்டம்தானே என்று கேட்டேன். "பொருள் நல்ல பொருளுங்க. நம்ம ரோட்டுக்கும் நம்ம வண்டிக்கும் ஆவாது" என்றார்.

காரியம் முடிந்த மறுநாள் காலை அவர் மகள் நிவேதா காரை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் கிளம்பினாள். விடைபெற என் வாசலில் நிறுத்தினாள். எஞ்சின் சத்தம் கேட்டதுமே அது அந்தப் பழைய உறுமல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "மாமா, அம்மாவோட பெட்டி சமையக்கட்டுல இருந்துச்சு. பாவம், மாட்டோணுமுன்னு நினைச்சு வெச்சிருப்பாங்க. நானே மாட்டிப்போட்டேன். சூப்பரா இழுக்குது!" அவள் முகத்தில் பல நாளுக்குப் பிறகு சிரிப்பு. அந்த வளைவின் கதையை டீச்சர் மகளிடம் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இனி இந்தப் பெண் மலை இறங்குவாள். ஒவ்வொரு வாரக் கடைசியிலும் தனியாக ஏறி வருவாள். அம்மாவின் நினைவாக மாட்டியதைக் கழற்றச் சொல்ல நான் யார்? அவள் கியரைப் போட்டாள். ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"நிவேதா, எனக்குப் பயமா இருக்குதம்மா."

அவள் சிரிக்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். லாரி, குடை, கல், கருகிய வாடை எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் இறங்கி பானெட்டைத் திறந்தாள். திரும்பி வந்து அந்தப் பெட்டியை என் கையில் வைத்தாள். கண் கலங்கியிருந்தது. "நீங்களே வெச்சுக்கோங்க மாமா. எங்கிட்ட இருந்தா மறுபடியும் மாட்டிப்போடுவேன்." சீட்டுக்கு அடியில் குனிந்து ஆப்புக்கட்டை இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

பெட்டி இப்போது என் அலமாரியில் இருக்கிறது. அதைப் பார்த்தால் இன்னும் பயம்தான். ஆனாலும் டீச்சரிடமிருந்து என்னிடம் தங்கிய பெரிய சொத்து, பயம் வந்தால் வெட்கப்படாமல் வாய்விட்டுச் சொல்லிவிடும் பழக்கம்தான். அவர் ஒரு தடவையாவது சிரித்திருந்தால் அன்று காலை நான் வாயை மூடிக்கொண்டு கையசைத்து அனுப்பியிருப்பேன்.

மதியம் நிவேதா போன் செய்தாள். "வந்து சேர்ந்துட்டேனுங்க மாமா. பயந்துட்டு இருந்தீங்களா?"

"ஆமாம்மா" என்றேன்.