வட்ட ஓட்டை இல்லாத போன்

போன் கவர், திரைக் கண்ணாடி, சார்ஜர், ஹெட்செட் விற்கிற தொழிலில் முதலாளி நானில்லை. எங்கேயோ உட்கார்ந்துகொண்டு வருஷா வருஷம் போனின் உருவத்தை மாற்றுகிறானே, அவன்தான். அவன் ஒரு ஓட்டையை அரிசி அளவு நகர்த்தினால், தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற என் கடையில் சண்டை நடக்கும். உங்கள் வீட்டு மேசை டிராயரிலும் எதற்கும் சேராத வயர்கள் சுருண்டு கிடக்கும் என்பதால், நான் படும் பாடு உங்களுக்கு விளங்கும். இது இந்தச் சீசனில் நடந்தது. சாரல் பிடித்து, குற்றாலத்துக்குப் போகிற கூட்டமெல்லாம் தண்ணீர் புகாத பவுச் கேட்டுக் கடையை மொய்த்துக்கொண்டிருந்த நேரம்.

பேர் ஒன்று, முதுகு வேறு

சுரண்டையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் புதுப் போனையும், போன வருஷம் என்னிடம் வாங்கிய கவரையும் மேசையில் போட்டார். போனுக்குப் பழைய பேரேதான், பின்னால் ஓர் எழுத்து மட்டும் கூடியிருந்தது. கவர் உட்கார்ந்தது. ஆனால் கேமராவை இடம் மாற்றிவிட்டார்கள், கவர் அதில் பாதியை மூடிக்கொண்டது. கத்தியால் ஓட்டையைப் பெரிதாக்கித் தரச் சொன்னார். வெட்டினால் கிழிந்துவிடும் என்றேன். அவருக்குக் குரல் ஏறியது. எனக்கும்தான், நான் பொறுமைசாலி என்று யாரும் சொன்னதில்லை. பவுச் வாங்க வந்தவர்கள் விலகி நின்று வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் அவரே மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்:

“மாத்துனவன் அங்கன சொகமா இருக்கான், ஏச்சு வாங்குதது நீரு. சரி, வேற கவரு எடும்வே!”

இலஞ்சி அக்கா

அந்தச் சண்டை முடியும்வரை ஓரமாக நின்றிருந்தார் செல்லத்தாய் அக்கா. இலஞ்சியில் தையல்காரி. காது மந்தம். காது மெஷினோடு போனை ஒட்டினால் அது கீச்சென்று கத்தும். அதனால் மெஷினைக் கழற்றிவிட்டு, நான் கொடுத்த பெரிய வயர் ஹெட்செட்டை இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டுதான் பேசுவார். எதிர்க்குரல் காதில் விழாமல் வாயைத் திறக்க மாட்டார், அப்படியொரு பழக்கம்.

அவர் நீட்டிய புதுப் போனில் ஹெட்செட் சொருகும் வட்ட ஓட்டையே இல்லை. சார்ஜ் போடுகிற ஓட்டை மட்டும்தான். ராணுவத்தில் இருக்கும் மகள் சம்பளத்தில் வாங்கி அனுப்பியதாம். டெலிவரிக்காரர் எக்ஸ்சேஞ்சில் பழைய போனைக் கையோடு கொண்டுபோய்விட்டார். புளூடூத் மாட்டிப் பார்த்தோம், ஸ்பீக்கரில் போட்டும் பார்த்தோம், இரண்டும் அக்காவின் காதுக்குப் பத்தவில்லை. மகள் பட்டாளத்தில் சேருவது அக்காவுக்குப் பிடிக்கவில்லை. அவள் கிளம்பிய அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர், அதற்குப் பிறகு பேசவே இல்லை. இப்போது மகளிடமிருந்து மெசேஜ் வந்திருந்தது, நாளைக் காலையில் கூப்பிடுகிறேன் என்று.

“நாளைக்கு மலை மேல டூட்டிக்குப் போவுதா தம்பி, அங்கன டவரே கிடையாதாம். அதுக்கு முன்ன ஒருதடவ அவ கொரல் கேட்டாப் போதும்.”

பேசுகிற வயர், ஊமை வயர்

சார்ஜ் ஓட்டையில் சொருகி ஹெட்செட் மாட்ட ஒரு குட்டை வயர் உண்டு. மாட்டினேன். சத்தமில்லை. என் கடையில் போன் ரிப்பேர் பார்க்கிற மைதீன் தலையை நிமிர்த்தாமலே, “அதுல சிப்பு கிடையாது அண்ணாச்சி, ஊமை” என்றான். ஒலியை மாற்றித் தருகிற சிப் உள்ளதும் இல்லாததும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். செய்கிறவனுக்கு அப்படி என்ன குரூரமோ. கடையைக் கவிழ்த்துத் தேடியதில் சிப் உள்ள வயர் ஒன்றே ஒன்று அகப்பட்டது. அதற்கும் போனின் செட்டிங்ஸில், வெளி வயரை ஏற்றுக்கொள்ளச் சொல்லும் ஒரு அனுமதியைத் திறக்க வேண்டியிருந்தது. மைதீன் திறந்தான். பாட்டு ஒன்று போட்டோம். அக்காவின் தலை தாளத்துக்கு ஆடியது. எனக்குப் பெரிய நிம்மதி.

“சத்தம் வந்துட்டுல்லா, இனி ஒண்ணுக்கும் பயப்படாதிய அக்கா!” என்றான் மைதீன்.

காலையில் வந்த அழைப்பு

மறுநாள் ஷட்டரைத் தூக்கும்போதே அக்கா நனைந்த சேலையோடு நின்றிருந்தார். வீட்டில் சொருகினால் சத்தமே வரவில்லையாம், முதல் பஸ்ஸைப் பிடித்து ஓடி வந்திருக்கிறார். என்ன ஏதென்று, வயரும் ஹெட்செட்டும் சொருகியபடியே இருந்த போனை நான் வாங்கும்போதே அது அடித்தது. திரையில் மகள் பேர். அக்கா பிடுங்கி, பச்சையைத் தள்ளி, ஹெட்செட்டை இரு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை. குரல் ஹெட்செட்டுக்குப் போகாமல் போனிலேயே சன்னமாக வந்துகொண்டிருந்தது. குனிந்து காதை வைத்தேன்.

“எம்மா... இன்னும் கோவந்தானா? ஒரு வார்த்த பேச மாட்டியா?”

அந்தப் பெண் இதோடு வைத்துவிட்டு மலையேறினால்? “வச்சிராதம்மா! கோவம் இல்ல, போன்ல ஓட்டதான் இல்ல!” என்று கத்தினேன். “யாரு நீங்க? எங்கம்மாவுக்கு என்னாச்சு?” என்று அவள் அலறினாள். போச்சு, இன்னும் மோசமாக்கிவிட்டேன். அதற்குள் உள்ளே நுழைந்த மைதீன், “கொஞ்ச நேரம் சும்மா கிடந்தா அந்த அனுமதி தானா அணைஞ்சிரும் அண்ணாச்சி, இங்க தாங்க!” என்று போனைப் பறித்தான். அவன் விரல் திரையில் தேடிய நேரம் முழுக்க அந்தப் பக்கம் அழுகைச் சத்தம். ஒரு வழியாகத் திறந்தான். அக்காவின் கண்கள் விரிந்தன. மகள் சொன்னதை எல்லாம் அசையாமல் கேட்டார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. அப்புறம் கடையே அதிரும்படி சொன்னார்:

“ஒம்மேல கோவம் இல்லட்டி, இந்தப் போனச் செஞ்சவன் மேலதான் கோவம்! நீ பத்திரமாப் போயிட்டு வா!”

ஆகவே மக்களே, கவர் சேராவிட்டால் என்னிடம் வாருங்கள், சார்ஜர் சேராவிட்டாலும் வாருங்கள், ஆனால் வீட்டுச் சண்டை ஏதும் பாக்கியிருந்தால் அதைப் பழைய போனிலேயே பேசித் தீர்த்துவிட்டுப் புதியதை வாங்குங்கள்.