கொட்டாங்கச்சியில் வளர்ந்த அழுகண்ணி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், அரிமளத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக சயன்ஸ் டீச்சராகச் சேர்ந்த புதிதில், அதைக் குறைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றியதில்லை.

மார்கழியில் ஒருநாள் செம்மண் பொட்டலில் அழுகண்ணியைக் கண்டேன். நாலணாக் காசு அகலத்தில் தரையோடு ஒட்டிக் கிடக்கும் சிவப்புச் செடி. உச்சி வெயிலிலும் அதன் இலை மயிர்களின் நுனியில் பனித்துளி போலப் பசை நிற்கும். அதில் உட்கார்ந்த எறும்பும் கொசுவும் எழுந்திருக்காது. செடி மயிரை மடக்கிப் பிடித்துத் தின்றுவிடும். இதை வகுப்பில் சொன்னேன். மறுநாளே இரண்டு அப்பாக்கள் வந்து, டீச்சர் பிள்ளைகளிடம் கதை அளக்கிறார் என்று புகார் செய்தார்கள்.

ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார். “பொங்கல் கழிச்சு இன்ஸ்பெக்டர் வர்றாரு. அவருக்கு முன்னால அது பூச்சியப் பிடிக்கட்டும், ஒங்கள பெர்மனெண்ட் பண்ணச் சொல்லி நானே எழுதுறேன். இல்லேன்னா வேற டீச்சரப் பாத்துக்குறோம்” என்றார்.

என் சம்பளத்தில்தான் மணமேல்குடியில் அம்மாவும் தம்பியும் சாப்பிட்டார்கள். அன்று சாயங்காலமே ஆறு செடிகளை மண்ணோடு பெயர்த்து வந்தேன். வாசலில் வைத்தால் ஆடு விடாது. ஐந்தைப் பீங்கான் தட்டுகளில் நட்டு என் அறை ஜன்னலில் வைத்தேன். ஆறாவது நோஞ்சான். பக்கத்துப் போர்ஷன்காரி ஆசையாகக் கேட்டதால் அதை அவளிடம் கொடுத்தேன். அவள் ஒரு கொட்டாங்கச்சியில் வைத்துத் தன் அடுப்படி ஜன்னலில் ஏற்றிக்கொண்டாள்.

அவளுக்கும் என் வயதுதான். ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், கணவனுக்கு மில்லில் வேலை. கொல்லைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு என்பதால் தினமும் விடியலில் ஊருணிக்குப் போய்க் குடிதண்ணீர் எடுத்து வருவாள். “ஒங்களுக்கு ஸ்கூலுக்கு நேரமாகுமே” என்று எனக்கும் ஒரு குடம் கொண்டுவந்து வைப்பாள்.

அந்தக் குடத்திலிருந்து ஒரு சொட்டுகூடச் செடிக்கு நான் ஊற்றவில்லை. கடற்கரைக்காரிக்குக் குடிதண்ணீரின் அருமை தெரியும். மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு குடம் நிறைத்து வளர்ந்தவள் நான். குடிக்கிற தண்ணீரைச் செடிக்கு ஊற்றினால் அம்மா கையை ஒடித்திருப்பாள். அதனால் கிணற்றுத் தண்ணீரையே எடுத்தேன். அதிலும் படித்தவளல்லவா, கிருமி போகக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, வேளை தவறாமல் ஊற்றினேன். படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் செடியைக் கெடுத்தேன்.

பொங்கலுக்குள் பசை வற்றியது. இலைகள் கறுத்தன. இன்ஸ்பெக்டர் வர நாலே நாள் இருந்தபோது, பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவள் வெளியே நின்று என் ஜன்னல் வழியாகக் கையை விட்டுக்கொண்டிருந்தாள். கையில் டம்ளர்.

“என்னத்த ஊத்துறீங்க?”

“ஒண்ணுமில்ல டீச்சர். வாடிக் கெடந்துச்சு, கொஞ்சமாத் தண்ணி...”

“யாரு கேட்டா ஒங்கள? கழுநீரையும் கண்டதையும் ஊத்திக் கொன்னுட்டீங்களே! என் வேல போனா ஒங்களுக்கென்ன?”

இன்னும் வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அவள் டம்ளரை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே நடமாடினேன். பொட்டலுக்கு ஓடிப் பார்த்தேன். தை வெயிலில் அங்கே ஒன்றுமில்லை. ஐந்து தட்டுச் செடிகளும் செத்தன.

இன்ஸ்பெக்டர் வருகிற அன்று காலையில் கதவைத் திறந்தால் நிலைப்படியில் அந்தக் கொட்டாங்கச்சி இருந்தது. நோஞ்சான் செடி குங்குமச் சிவப்பில் விரிந்து, மயிருக்கு மயிர் பசை மின்ன, ஒரு கொசுவைப் பிடித்து வைத்திருந்தது. எனக்கு நன்றி வரவில்லை. ‘என்னுடையதைக் கொன்றுவிட்டுத் தன்னுடையதைக் காட்டுகிறாள்’ என்றுதான் தோன்றியது. ஆனாலும் எடுத்துப் போனேன்.

இன்ஸ்பெக்டர் இலையில் ஓர் எறும்பை விட்டார். ஓரத்து மயிர்கள் மடங்கி எறும்பைப் பிடித்தன. வகுப்பே ஓவென்று கத்தியது. “என்ன தண்ணி ஊத்துறீங்க?” என்று கேட்டார். “கொதிக்கவச்சு ஆறின கிணத்துத் தண்ணி சார்” என்றேன். மெச்சி நோட்டில் எழுதிக்கொண்டார். ஹெட்மாஸ்டரும் சொன்னபடியே எழுதினார்.

வீட்டுக்கு வந்து செத்த செடிகளைக் கொட்டத் தட்டைத் தூக்கினேன். மண்ணின் மேலும் விளிம்பைச் சுற்றியும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீரின் அதே கரிப்பு. நேராக அவள் அடுப்படிக்குப் போனேன்.

“நீங்க என்ன தண்ணி ஊத்துனீங்க?”

“ஊருணித் தண்ணிதான் டீச்சர்” என்றாள், திரும்பாமலே. “எந்நேரமும் அழுதுகிட்டுக் கெடக்கு. அதுக்குப் போயி உப்புத் தண்ணிய ஊத்த மனசு வரல. ஒங்களுதுக்கும் என் பங்குலேர்ந்துதான் ஊத்துனேன். ஒங்க கொடத்தத் தொடல.”

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். வரவில்லை. என் அறைக்கு வந்து, தண்ணீர் குடிக்கலாம் என்று குடத்தைச் சாய்த்தேன். கழுத்துவரை நிறைந்திருந்தது. நேற்றும் நிறைந்திருந்தது, முந்தாநாளும். நான் முகம் பாராமல் இருந்த நாலு நாளும் அவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். நானும் குடித்திருக்கிறேன்.